ஒரு இன்ச் பத்தாத நிலா

கண்ணாடி டெலஸ்கோப் வெச்சு வர்றவங்களுக்கு வானம் காட்டுற பொழப்புல, எத்தனையோ கோடி மைல் தாண்டி வர்ற வெளிச்சம் ஒரு நாளும் தகராறு பண்றதில்லீங்க. தகராறு பூராவும் அது வந்து சேர்ற கடைசி ஒரு இன்ச்சுலதான்.

இதப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேரு என்னை மாதிரியே கேமராவ மாட்டிட்டு, குமிழத் திருகித் திருகி, திரையில ஒரு வெள்ளை வட்டத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. உங்களுக்காகத்தான் எழுதறேன். மத்தவங்களுக்கு மட்டும் சுருக்கமா: இந்த டெலஸ்கோப் ஒரு நீளமான தகரக் குழாய். அடியில குழிவான பெரிய கண்ணாடி. மேல வாய்க்கிட்ட ஒரு குட்டிக் கண்ணாடி. வெளிச்சம் அடியில பட்டு, மேல வந்து, பக்கவாட்டுல இருக்கிற ஓட்டை வழியா வெளிய வரும். அந்த ஓட்டையில முன்ன பின்ன நகர்ற குழல் ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேரு ஃபோகஸர். அதுல ஐபீஸுங்கற பார்வை லென்ஸ சொருகி கண்ண வெச்சா வியாழன் தெரியும், நிலா தெரியும், எல்லாம் தெரியும். ஐபீஸ எடுத்துட்டு கேமராவ மாட்டுனா ஒண்ணும் தெரியாது.

நான் கொல்லிமலையில, செம்மேட்டுக்குப் பக்கத்துல நாலு ரூம் இருக்கிற ஒரு விடுதியில ரிசப்ஷன். ஊடு திண்ணனூர் நாட்டுப் பக்கம். ஓனர் சலீம் பாய்க்கு அடிவாரத்துல மிளகு வியாபாரம். மொட்டை மாடியில என்ன வெக்கலாம்னு அவர் கேட்டப்போ ஒருத்தர் பார்பிக்யூ அடுப்புன்னாரு, நான் டெலஸ்கோப்னேன். மனுசன் ரெண்டையும் வாங்கிட்டாரு. அடுப்பு மட்டும் பெட்டிய பிரிக்காம படிக்கட்டுக்கு அடியில கெடந்துச்சு.

"வர்றவங்க படம் எடுத்துட்டுப் போகோணும் அம்மிணி. பாத்தேன்னு வாயில சொன்னா எவன் நம்புவான்? பெருநாள் லீவுக்குக் கூட்டம் வரும். அதுக்கு முன்னால பிறை பாக்கற அன்னைக்கு நானே மலைக்கு வாரேன். கேமராவுல நிலா முழுசா தெரிஞ்சா மாடி உனக்கு. இல்லைன்னா அடுப்பப் பிரிச்சரலாம்"னு சொல்லிட்டாரு. அடுப்பப் பிரிச்சா எனக்கு மாடி வேலை போச்சு, திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக் ஆபீஸுதான். எந்த லாரி எந்த ஊர்ல நிக்குதுன்னு போன்ல கேட்டு எழுதற வேலை. அப்பா அங்க பேசியே வெச்சுட்டாரு. மேல பாத்துட்டு இருக்கிறவளக் கீழ தோண்டற எடத்துல உக்கார வெக்கறதுன்னு முடிவு.

பொங்கல் வடை

பொங்கல் லீவுக்கு கரூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. ஐபீஸ்ல வியாழனக் காட்டுனேன், எல்லாருக்கும் சந்தோசம். அப்புறம் ஒரு பந்தாவுல கேமராவ மாட்டி, சாப்பாட்டு ஹால் டிவிக்கு ஒயர் இழுத்து, "இப்ப பாருங்க"ன்னு சொல்லிட்டேன். அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க. என்னைக்குமே சொல்லாதீங்க.

டிவியில வந்தது வட்டமா, பொன்னிறமா, நடுவுல ஓட்டையோட ஒரு சாமான். ஃபோகஸ் ஆகலைன்னா இந்த டெலஸ்கோப்ல அப்படித்தான் வரும், நடுவுல இருக்கிறது குட்டிக் கண்ணாடியோட நிழல். இதெல்லாம் அழகா விளக்கிச் சொன்னேன், சொல்லிட்டு மாடிக்கு ஓடிப் போய் குமிழத் திருகிட்டு வந்தேன். குழல் உள்ள போய் முட்டி நின்னுச்சு. ஓட்டை மட்டும் கொஞ்சம் சின்னதாச்சு. குடும்பத் தலைவர் டிவிய நல்லா உத்துப் பாத்துட்டுச் சொன்னாரு: "ஏனுங்க, உளுந்து வடையப் பாக்கறதுக்கு எழுபது வளைவு ஏறி வரணுங்களா? எங்க தெருமுனையிலயே சூடா போடறாங்க."

மரத்து மேல ஒரு முட்டி வலி

இருட்டுல தடவறதுனாலதான் வர மாட்டேங்குதுன்னு நெனச்சுட்டு, அடுத்த வாரம் பகல்ல சோதிச்சேன். சமையல்கட்டுக்குப் பின்னால கூப்பிடு தூரத்துல சில்வர் ஓக் மரம், அதுல மிளகுக்கொடி. கேமராவ அங்க திருப்பி, குழல கொஞ்சமா வெளிய இழுத்தேன். அடடா. ஒவ்வொரு மிளகும் தனித்தனியா, மேல ஊர்ற எறும்போட கால் உட்பட தெரிஞ்சுது. படம் மட்டும் தலைகீழா இருக்கும், இந்த வகை டெலஸ்கோப்புக்கு அதுதான் வழக்கம். நான் கத்துன கத்துல சமையல் பாக்கிற செல்லம்மாக்கா கரண்டியோட ஓடி வந்தாங்க.

அவங்களுக்குக் காட்டறதுக்காக டெலஸ்கோப்ப கொடியோட அப்படியே மேல நகத்துனேன். கேமராத் திரை முழுக்க ஒரு ஆம்பள மூஞ்சி. தலைகீழா. போன்ல ஏதோ பாத்துச் சிரிச்சுட்டு இருந்தாரு. எங்க பக்கம் மரத்து மேலதான் சிக்னல் நல்லா வரும். நான் திரைய மறைக்கறதுக்குள்ள அக்கா பாத்துட்டாங்க. குரல்ல கோவமே இல்ல. "தலைகீழா தொங்குனாலும் அது எங்கூட்டுக்காரருதான் கண்ணு. முட்டி வலி, எந்திரிக்க முடியலைன்னு காலையில படுத்திருந்தவரு."

பஸ்ல வந்த குழாய்

அன்னைக்கே பாய்க்கு போன் போட்டு "ஃபோகஸ் ஆயிருச்சுங்க"ன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் நிலாவப் பாத்து வெச்சா மறுபடியும் கரைச்ச மாவு மாதிரி மங்கல். சரி, பகல்ல வெளிய இழுத்தப்பதான தெளிஞ்சுது, நிலா அத விட ரொம்ப தூரம், அப்ப இன்னும் நெறய வெளிய இழுக்கணும்னு கணக்குப் போட்டேன். இதுக்குன்னே நீட்டிக் குழாய் விக்குது. வெள்ளி மாதிரி பளபளன்னு அலுமினியம், ரெண்டு பக்கமும் கூரான விளிம்பு. ஆர்டர் போட்டு, அது பஸ்ல மலை ஏறி வந்து, பூசை போடாத கொறையா மாட்டுனேன். வடை ஊத்தப்பம் ஆச்சு.

விசயம் நேர் தலைகீழ். கிட்டத்துல இருக்கிற பொருளோட பிம்பம்தான் வெளிய தள்ளி விழும். தூரம் போகப் போக பிம்பம் உள்ள வரும். நிலாவோட பிம்பம் என் கேமரா போக முடியாத அளவுக்கு உள்ள விழுது. மிளகுக்கொடி என்னை நல்லா ஏமாத்திருச்சு. இந்தப் பாடத்துல காலேஜ்ல நல்ல மார்க் வாங்குனவ நான், அத இங்க சொல்லாம விட்டா நீங்க ஆறுதல் அடைய மாட்டீங்க. (ரெண்டாம் ரூம்ல சுடுதண்ணி வரலையாம், போய்ட்டு வாரேன்.)

வந்துட்டேன், கீசர் சுவிட்சே போடல. எங்க விட்டேன், குழாய். அதத் தூக்கி சாப்பாட்டு மேசையில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். செல்லம்மாக்கா எடுத்து விளிம்ப விரலால தடவிப் பாத்தாங்க. "உனக்கு வேணாம்னா இங்க குடு சாமி. கொழந்தைங்களுக்குக் குட்டி பூரி வெட்ட அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்குது."

கல் குவாரி

டெலஸ்கோப் பெட்டியோட அடியில பார்லோன்னு ஒரு லென்ஸ் கெடந்துச்சு. அத நடுவுல போட்டா பிம்பம் வெளிய தள்ளி விழும். உங்கள்ல பல பேரு இதுலயே திருப்தியாகி நிறுத்திருப்பீங்க, தப்பில்ல. நானும் போட்டேன், ஃபோகஸ் ஆச்சு, ஆட்டமே ஆடிட்டேன். ஆனா அது பிம்பத்த மூணு மடங்கு பெருசாக்கிரும். நிலா முழுசா திரைக்குள்ள அடங்கல. ஒரு ஓரம், நாலஞ்சு குழி, அவ்வளவுதான். தும்முனா கூட அதுவும் ஓடிப் போயிரும்.

நாமக்கல்ல இருந்து வந்த காலேஜ் பசங்க கும்பலுக்கு அந்தப் படத்த அனுப்பி வெச்சேன். பாய் முழு நிலா கேட்டாரேங்கிற பயம் இருந்தாலும், இதாவது ஆச்சேன்னு பெருமை. ஒரு தம்பி போன பெருசாக்கி, சின்னதாக்கி, திருப்பிப் பாத்துட்டு மரியாதையாவே கேட்டான்: "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ஊரு கல் குவாரிய டிரோன்ல எடுத்தா இப்படியேதாங்க இருக்குது. இத ஸ்டேட்டஸ் வெச்சா என்னை ஓட்டுவாங்க."

குழிக்குள்ள நிலா

நோன்பு மாசம் பாதி ஆச்சு. பாய் போன்ல ஒண்ணும் கேக்கல, அதுதான் பயமா இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம், நிலா நல்லா பெருசா கெழக்க ஏறியிருந்தப்போ, ஐபீஸும் வேணாம் கேமராவும் வேணாம்னு ரெண்டையும் கழட்டி வெச்சுட்டு, சமையல்கட்டுல இருந்து பட்டர் பேப்பர் ஒரு துண்டு கிழிச்சு அந்த ஓட்டைக்கு நேரா புடிச்சேன். வெளிய புடிச்சா மங்கல். கிட்ட கொண்டு போகப் போகத் தெளிவு. குழலோட வாய்க்குள்ள பேப்பர விட்டதும், சட்டை பட்டன் அளவுல நிலா, கறை எல்லாம் சுத்தமா, பேப்பர் மேல வந்து உக்காந்துச்சு.

பட்டன் அளவு நிலாங்க. கையில. இதுக்கு மேல இத விவரிச்சா கத்திருவேன், அதனால விசயத்துக்கு வாரேன்: கேமராவோட உடம்பு தடிமன், உள்ள இருக்கிற சென்சார் அந்த எடத்துக்கு வரணும்னா இன்னும் ஒரு இன்ச் உள்ள போகணும். ஆனா குழல் முட்டி நிக்குது. செல்லம்மாக்கா எட்டிப் பாத்துட்டுச் சொன்னாங்க: "கெணத்துல வாளி விழுந்த மாதிரி விழுந்து கெடக்குது. கயிறு பத்தலீன்னா வாளியத்தான மேல கொண்டு வரோணும்."

புகைக்குழாய்

அக்கா அத பேச்சுக்குத்தான் சொன்னாங்க, சொல்லிட்டு பேப்பர் எதுக்குக் கிழிச்சேன்னு திட்டிட்டுப் போயிட்டாங்க. ஆனா எனக்கும் அந்த வழிதான் மிச்சம். கேமராவ உள்ள கொண்டு போக முடியலைன்னா, நிலாவ வெளிய கொண்டு வரணும். அடியில இருக்கிற பெரிய கண்ணாடிய ஒரு இன்ச் மேல தூக்கி வெச்சா, பிம்பமும் ஒரு இன்ச் வெளிய வந்து விழும். அதுக்குக் குழாய்ல புதுசா மூணு ஓட்டை போடணும். பாய் வாங்குன டெலஸ்கோப்ல.

போன் போட்டேன். எல்லாத்தையும் மூச்சு விடாம சொன்னேன். அந்தப் பக்கம் மிளகு மூட்டை எறக்கற சத்தம். "ஓட்டை போட்டும் வரலைன்னா?"ன்னாரு. அவரே சொன்னாரு: "வரலைன்னா அந்தக் குழாயவே அடுப்புக்குப் புகை போக்க வெச்சுக்கலாம். போடு அம்மிணி."

மூக்கு

எலெக்ட்ரீசியன்கிட்ட டிரில் மிசின் இரவல் வாங்கிட்டு வந்தேன். மொதல்ல பெரிய கண்ணாடியக் கழட்டணும், தூசு ஒண்ணு பட்டாலும் போச்சு. துணி விரிச்சு, செல்லம்மாக்காவக் கூப்பிட்டு, "ஓரத்த மட்டும் புடிங்க்கா, மேல கை படக்கூடாது, மூச்சு கூட விடாதீங்க"ன்னு குடுத்துட்டு நான் டிரில் போட்டேன். தகரம் கத்துன கத்துக்கு ஒண்ணாம் ரூம்காரங்க கதவத் தெறந்து பாத்தாங்க. மூணு ஓட்டையும் நேரா விழுந்துச்சு. அப்புறமா கண்ணாடிய மாட்டி நேர் பண்ணுன கதைய எழுதுனா நீங்க அழுதுருவீங்க, விட்டுர்றேன்.

நான் டிரில் போட்ட நேரம் பூராவும் அக்கா மூச்சே விடல. என்னாச்சுன்னு திரும்புனா, கண்ணாடிக்குள்ளயே பாத்துட்டு நிக்கறாங்க. குழிக் கண்ணாடியாச்சே, கிட்டத்துல இருக்கிற மூஞ்சிய நல்லா பெருசாக் காட்டும். "இத்தாம்பெரிய மூக்க வெச்சுக்கிட்டுத்தான் இத்தன வருசமா கல்யாணம் காச்சின்னு போயிட்டு வந்திருக்கேன். ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல பாரு."

நாலு புள்ளி

அதுக்குள்ள நிலா தேஞ்சு விடியக்காலைக்குப் போயிருச்சு, சாயங்காலம் சோதிக்க வியாழன்தான் இருந்துச்சு. கேமராவ மாட்டி, குழல மெதுவா உள்ள திருகுனேன். வடை சின்னதாச்சு. ஓட்டை மூடுச்சு. இன்னும் திருகுனேன், இந்தத் தடவ முட்டவே இல்ல. கேமராத் திரையில ஒரு பொட்டு, அதுக்குப் பக்கத்துல கோடு போட்ட மாதிரி நாலு புள்ளி. வியாழனோட நாலு நிலா. குழல் முட்டறதுக்கு இன்னும் எடம் பாக்கி இருந்துச்சு. தனியா நின்னு கை தட்டிக்கிட்டேன், வேற என்ன பண்றது.

கீழ சாப்பிட்டுட்டு இருந்த சேலத்து தம்பதி டிவியிலயே பாத்துட்டு மேல வந்தாங்க. அந்தம்மா டெலஸ்கோப்பச் சுத்தி வந்து, கண்ண வெக்கற எடத்தத் தேடுனாங்க. அங்க கேமரா இருந்துச்சு. ஐபீஸ் மாட்டித் தாரேன்னு கழட்டறதுக்குள்ள பள்ளத்துல இருந்து பனி ஏறி வந்து மாடியவே மூடிருச்சு. அவங்க சால்வைய இழுத்துப் போத்திக்கிட்டுச் சொன்னாங்க: "டிவியிலதான் பாக்கறதுன்னா ஊட்டுலயே ஒக்காந்து பாத்திருப்போமே கண்ணு."

பிறை

பாய் சொன்ன மாதிரியே வந்தாரு. டிவிய மாடிக்குத் தூக்கி வெச்சிருந்தோம். பேரீச்சம்பழமும் தண்ணியும் வெச்சு நோன்பு தெறந்துட்டு, கீழயே ஓரமா துணி விரிச்சுத் தொழுதுட்டு வந்தாரு. மேல வர்ற வழியில படிக்கட்டுக்கு அடியில இருந்த அடுப்புப் பெட்டிய ஒரு பார்வ பாத்துட்டுத்தான் ஏறுனாரு, நான் கவனிச்சேன். மேக்க நாமக்கல் பக்கம் பூரா சாம்பல் கலர்ல புழுதி. வெறுங்கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. சூரியன் போன எடத்துக்குக் கொஞ்சம் மேல, இன்ச் இன்ச்சா நகத்தித் துழாவுனேன். டிவியில ஒரு நூல் வந்து விழுந்துச்சு. வெட்டி எறிஞ்ச நகம் மாதிரி, ஆனா சுத்தமா, முழுசா, ஓரம் ஓரமாக் குழியோட.

"நல்லாருக்கு. சொன்ன மாதிரி செஞ்சுட்ட"ன்னாரு பாய். நான் மனசுக்குள்ள ரிக் ஆபீஸுக்கு டாட்டா காட்டிட்டேன். அப்பத்தான், "செரி, கேமராவக் கழட்டு, நான் பாக்கோணும்"னாரு.

"அதான் பாக்கறீங்களே பாய்."

"இது டிவி பாக்கறது அம்மிணி. பள்ளிவாசல்ல அறிவிக்கறதுதான் கணக்கு, அது வேற. ஆனா பிறைய நான் எங் கண்ணால பாக்காம எந்த வருசமும் விட்டதில்ல."

கேமராவக் கழட்டி ஐபீஸ சொருகுனேன். கண்ண வெச்சேன். மாவு. திருகுனேன், குழல் வெளிய வந்து வந்து இந்தப் பக்கம் முட்டி நின்னுச்சு. கண்ணாடிய மேல ஏத்துனதுல பிம்பம் வெளிய போயிருச்சு, கேமரா போய்ப் புடிச்சுக்கும், ஐபீஸுக்கு எட்டாது. ஓட்டை போட்டதுல இருந்து ஐபீஸ ஒரு தடவ கூட மாட்டிப் பாக்கல நான். பாய் குனிஞ்சு பாத்துட்டு நிமிந்தாரு. மேக்க திரும்பிப் பாத்தாரு. பிறை புழுதிக்குள்ள எறங்கிட்டே இருந்துச்சு. வெளிய போயிருச்சுன்னா வெளிய எட்டணும். நீட்டணும். குழாய்.

படிக்கட்டுல எப்படி எறங்குனேன்னு தெரியல. செல்லம்மாக்கா எண்ணெய் காய வெச்சு மாவு தேச்சுட்டு இருந்தாங்க.

"அக்கா, டியூப்."

"எந்த டியூப்பு?"

"பூரி டியூப்புங்க்கா."

"பாதி மாவு அப்படியே கெடக்குது சாமி, முடிச்சுட்டுத் தாரேன். ரெண்டாம் ரூம் கொழந்த குட்டி பூரிதான் வேணும்னு தட்டோட ஒக்காந்திருக்குது."

"டம்ளர்ல வெட்டுங்க."

"டம்ளருக்கு அந்தக் கூர் வருமா?"

புடுங்கிட்டு ஓடுனேன். ஓடும்போதே துப்பட்டாவுல தொடச்சேன், உள்ள ஒட்டுன மாவு ஒட்டுனதுதான். மாட்டி, ஐபீஸ சொருகி, ஒரு திருகு. நூல் மாதிரி பிறை, நறுக்குன்னு. ஒதுங்கி நின்னேன்.

பாய் குனிஞ்சவரு நிமிரவே இல்ல. கண்ண எடுக்காமயே, "மாசம் பூரா நோன்பு இருந்தது நானு, மெலிஞ்சு போனது இவரு"ன்னாரு. அப்புறம் டிரைவரக் கூப்பிட்டு, "அந்த அடுப்ப ஜீப்புல ஏத்திரு. இங்க புகை கெளம்புனா இது தெரியாது"ன்னாரு. அந்த நேரம் பாத்து மாவுக் கையோட மாடிக்கு வந்த செல்லம்மாக்கா, பிறையையும் பாக்கல, பாயையும் பாக்கல, டெலஸ்கோப்ல சொருகியிருந்த குழாயத்தான் பாத்தாங்க: "அப்ப இனி அது எனக்கு இல்லீங்களா?"

ஆக, கேமராவுக்காகக் கண்ணாடிய ஒரு இன்ச் மேல ஏத்தி, வேண்டாம்னு போட்ட குழாயக் கண்ணுக்காகத் திரும்ப மாட்டி, இப்ப எங்க மாடியில எது வெச்சாலும் ஃபோகஸ் ஆகுதுங்க, பூரி மட்டும்தான் டம்ளர் சைஸுல வருது.